இடது கைக் கடிகாரம்

நாற்பத்தொரு மணி நேரம். முழுதாக முறுக்கேறிய அந்தக் கடிகாரத்தைக் கழற்றி ஓர் இடத்தில் அசையாமல் வைத்தால் அவ்வளவு நேரம்தான் ஓடும். பிறகு நின்றுவிடும். அண்ணன் வெற்றி அதை வாங்கிக்கொண்டு வந்த அன்றே எழில்மொழி இணையத்தில் தேடிப் படித்துவிட்டாள்.

பேட்டரி கிடையாது. பின்மூடி கண்ணாடியால் ஆனது. அதன் வழியே பார்த்தால் அரை நிலா மாதிரி ஒரு தகடு தெரியும். கை அசைய அசைய அந்தத் தகடு சுற்றும். அது சுற்றினால் உள்ளே இருக்கும் சுருள்வில் முறுக்கிக்கொள்ளும். பக்கவாட்டுத் திருகைத் திருகி இந்த ரகத்துக்குச் சாவி கொடுக்க முடியாது. அந்தத் திருகு நேரத்தையும் தேதியையும் மாற்ற மட்டும்தான். அப்போது அவள் இயற்பியல் பட்டப் படிப்பில் இரண்டாம் ஆண்டு. வீட்டில் அதிகம் பேசாதவள், அன்று மட்டும் கடிகாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு நிறையப் பேசினாள். கடைசியில், "உன் கைதாண்ணா இதுக்கு பேட்டரி" என்றாள்.

அந்த ஒரு வார்த்தையை அவன் பிடித்துவைத்துக்கொள்வான் என்று அவள் நினைக்கவில்லை.

வெற்றி எண்ணூர் துறைமுகத்திலிருந்து கன்டெய்னர் ஏற்றிவரும் டிரெய்லர் ஓட்டுகிறவன். வண்டி எடுக்கப் போன ஒரு விடியற்காலையில், எர்ணாவூர் பாலத்து இறக்கத்தில், லாரிகள் சிந்திவிட்டுப் போன மணலில் பைக் சறுக்கியது. இடது தோள் தரையில் அடித்தது. எலும்பு ஒன்றுகூட உடையவில்லை. கையில் கட்டியிருந்த கடிகாரத்தில் கீறல்கூட இல்லை. ஆனால் கழுத்திலிருந்து கைக்கு இறங்குகிற நரம்புகள் இழுபட்டுப் போயின. கை தோளிலிருந்து ஈரத்துணி போலத் தொங்கியது.

சிலருக்குத் தானாகத் திரும்பி வரும் என்றார் மருத்துவர். ஐந்து மாதம் பார்ப்போம், வராவிட்டால் விலா நரம்பு ஒன்றை எடுத்துக் கைத்தசையோடு இணைத்துவிடலாம் என்றார். ஆறு மாதத்துக்கு மேல் தள்ளிப்போட்டால் தசை சுருங்கத் தொடங்கிவிடும். அதன்பின் இணைத்தும் பெரிய பயன் இருக்காது. இதையெல்லாம் வெற்றி கேட்டுக்கொண்டுதான் இருந்தான். வீட்டுக்கு வந்ததும் கடிகாரத்தை எடுத்து அதே இடது கையில் கட்டச் சொன்னான். கை கொஞ்சம் அசைந்தாலும் வாட்ச் காட்டிக்கொடுத்துவிடும் என்றான்.

கீழ்வீட்டு சிலுவையம்மாள் பார்க்க வந்தபோது, வலது கையில் கட்டிக்கொண்டால் அதுபாட்டுக்கு ஓடுமே என்று யோசனை சொன்னாள்.

"வலது கைல கட்னா எவனுக்கும் ஓடும்க்கா," என்றான் வெற்றி. "இதுல ஓடணும். அதான் பரிச்சை."

ஒரு ஞாயிற்றுக்கிழமை அது நின்றுபோனது. கையைக் கழுத்தில் மாட்டிய துணித் தூளியில் போட்டுக்கொண்டு வீட்டுக்குள் உட்கார்ந்திருப்பவனுக்கு அது நிற்காமல் என்ன செய்யும்? அவன் கடிகாரத்தைக் கழற்றித் தொலைக்காட்சிப் பெட்டிமேல் கவிழ்த்து வைத்தான். மறுநாள் மருத்துவமனையில் கைப்பயிற்சிக்குப் போகவில்லை. அதற்கு மறுநாளும் போகவில்லை. அம்மா கன்னியம்மா போட்டு வைத்த சோறு தட்டிலேயே காய்ந்தது. சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடந்தவனை அம்மா கூப்பிட்டுப் பார்த்து, திட்டிப் பார்த்து, கடைசியில் தானும் சாப்பிடாமல் வேலைக்குப் போனாள்.

மூன்றாம் நாள் எழில்மொழி கடிகாரத்தைக் குளியலறைக்கு எடுத்துப்போய்க் கால் மணி நேரம் ஆட்டினாள். நேரத்தைச் சரிசெய்தாள். எடுத்துவந்து அவன் தலைமாட்டில் வைத்து, ஓடுகிறது பார் என்று மட்டும் சொன்னாள். அவன் எழுந்து உட்கார்ந்து நொடிமுள்ளையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு தோசை கேட்டான்.

அப்படித்தான் தொடங்கியது. தினம் கால் மணி நேரம் குளியலறையில் நின்று ஆட்டுவது நெடுநாள் நடக்கிற காரியமாக இல்லை. தண்ணீர் ஊற்றும் சத்தமே கேட்கவில்லையே, உள்ளே என்ன செய்கிறாய் என்று அம்மா கதவைத் தட்டினாள். வைண்டர் என்று ஒரு பெட்டி உண்டு, கடிகாரத்தை வைத்தால் அதுவே சுற்றிக்கொடுக்கும் என்று எழில்மொழி படித்திருந்தாள். ஒரு சனிக்கிழமை ராயபுரத்துக்கு பஸ் ஏறினாள்.

ஒவைஸின் கடையில்தான் வெற்றி கடிகாரம் வாங்கியது. ஒவைஸ் நான்கு பெட்டிகளை எடுத்து வரிசையாக வைத்தான். ஒன்றில் நீல விளக்கு எரிந்தது. அதைத்தான் எல்லோரும் விரும்பி வாங்குகிறார்கள் என்றான். விளக்கு வேண்டாம் என்றாள். இன்னொன்று நிறுத்தாமல் சுற்றிக்கொண்டே இருந்தது. சுற்றி, நிறுத்தி, சுற்றுகிற மாதிரிதான் வேண்டும், ஒரு நாளைக்கு இத்தனை சுற்று என்று மாற்றிவைக்கும் வசதியும் வேண்டும் என்றாள். எந்தப் பக்கமாகச் சுற்ற வேண்டும் என்று அவன் கேட்டான். சில கடிகாரங்களுக்கு ஒரு திசையில் சுற்றினால்தான் முறுக்கு ஏறும்; இதற்கு இரண்டு பக்கமும் ஏறும் என்று அவளுக்குத் தெரியும். ஆகவே அது அவளுக்குக் கவலையில்லை. கவலை சத்தம் பற்றித்தான். ஒவ்வொரு பெட்டியையும் ஓடவிட்டுக் காதோடு வைத்துக் கேட்டாள். மின்கம்பி இல்லாமல் பேட்டரியில் ஓடுமா என்றும் கேட்டாள். கம்பி இருந்தால் அது எங்கே போகிறது என்று வீட்டில் பார்ப்பார்கள்.

ஒவைஸ் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"இதெல்லாம் பத்து வாட்ச் வச்சிகினு, கட்டிக்க ரெண்டு கைதான் கீதேன்னு ஃபீல் பண்றவங்க வாங்கறது. உங்க வூட்ல ஒரு வாட்ச்தானேம்மா?"

"எங்க கம்பெனி சாருக்கு," என்றாள்.

"சாருக்கா?" அவன் சத்தம் குறைவாக இருந்த பெட்டியைத் துடைத்துக் காகிதத்தில் சுற்றினான். "சாரோட இடது கை எப்டி கீதுன்னு கேட்டேன்னு சொல்லு."

அவள் பணத்தைக் கொடுத்துப் பெட்டியை வாங்கிக்கொண்டு வந்துவிட்டாள்.

மாலை ஏழு மணிக்கு அம்மா அவன் கைக்கு எண்ணெய் தேய்க்க உட்காருவாள். அதற்காகக் கழற்றிய கடிகாரம் மறுநாள் காலைவரை தொலைக்காட்சிமேல்தான் இருக்கும். எல்லோரும் படுத்ததும் எழில்மொழி அதை எடுத்து, தன் பழைய கல்லூரிப் பைக்குள் இருந்த வைண்டரில் மாட்டுவாள். ஐந்தரை மணிக்கு அம்மா தண்ணீர் பிடிக்கக் கீழே இறங்கும்போது திரும்ப வைத்துவிடுவாள். அதிகம் சுற்றினால் வில் அறுந்துவிடுமோ என்ற பயம் முதல் வாரம் இருந்தது. அறுந்துவிடாது, நிறைந்ததும் வழுக்கிக்கொடுக்கும்படிதான் செய்திருக்கிறார்கள் என்று படித்தபின் அந்தப் பயம் போனது.

வேறொரு பயம் வந்தது.

வெற்றி நன்றாகச் சாப்பிட்டான். கைப்பயிற்சிக்கு ஒரு நாள் தவறாமல் போனான். டிரெய்லர் டிரைவர்கள் வந்தால் தோளைத் திருப்பிக் கடிகாரத்தைக் காட்டினான். காலையில் தண்ணீரோடு மேலே வந்ததும் அம்மா முதலில் பார்ப்பது அந்த நொடிமுள்ளைத்தான். குழாயடியில் அதையே சொல்லிக்கொண்டிருந்தாள். ஐந்தாவது மாத முடிவில் மருத்துவர் ஊசி வைத்துத் தசையை இயந்திரத்தில் சோதித்தார். எந்த அசைவும் இல்லை. வெள்ளிக்கிழமை அறுவைசிகிச்சை வைத்துக்கொள்ளலாம், வியாழன் காலை வந்து கையெழுத்துப் போட்டுச் சேர்ந்துவிடுங்கள், இல்லையென்றால் அந்த நாளை வேறு ஒருவருக்குக் கொடுத்துவிடுவோம் என்றார். வெற்றி, வாட்ச் நிற்கவே இல்லையே டாக்டர் என்றான். மருத்துவர் கடிகாரத்தையும் அவனையும் பார்த்துவிட்டு, அது சோதனை இல்லை என்றார்.

பஸ்ஸில் வரும்போது வெற்றி சிரித்தான். "மிஷின் தப்பா காட்டும், எழிலு. வாட்ச் இன்னாத்துக்குப் பொய் சொல்லப்போவுது? நான் கையெழுத்துப் போடமாட்டேன்."

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். சாலையோரம் கன்டெய்னர் லாரிகள் ஒன்றின்பின் ஒன்றாக நின்றிருந்தன.

சொல்லிவிட வேண்டும். ஆனால் எப்படிச் சொல்வது? சுவரைப் பார்த்துக் கிடந்த அந்த மூன்று நாளும் கண்ணுக்குள் நின்றன. யோசித்து யோசித்து, வாயைத் திறக்கத் தேவையில்லாத ஒரு வழியைக் கண்டுபிடித்தாள். வைண்டரை நிறுத்திவிடுவது. ஞாயிறு காலை ஐந்தரைக்கு எடுத்த கடிகாரத்தை மறுபடி மாட்டாவிட்டால் திங்கள் இரவு பத்தரை மணிக்கு அது நின்றுவிடும். அங்குமிங்கும் அவன் நடப்பதைச் சேர்த்தால் சில மணி நேரம் கூடலாம். எப்படிப் பார்த்தாலும் செவ்வாய் விடிகையில் நின்றிருக்கும். அவனே பார்ப்பான், அவனே புரிந்துகொள்வான். அதன்பின் வியாழனுக்கு இரண்டு நாள் இருக்கிறது. அப்படியே ஞாயிறு இரவும் திங்கள் இரவும் அவள் கடிகாரத்தைத் தொடவில்லை.

செவ்வாய் காலை கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. நேரம் ஒரு நிமிடம்கூடத் தவறவில்லை.

மணலியில், அவள் வேலை பார்க்கும் பெயின்ட் கம்பெனி ஆய்வகத்தில், அன்றைக்கு அவள் இரண்டு முறை தவறாக எடை போட்டாள். மணிக்கணக்கைத் திரும்பத் திரும்பக் கூட்டினாள். கூட்டலில் பிழையில்லை. அப்படியென்றால் கை? சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு தனியாகச் சிரித்தாள். ஊசி வைத்துப் பார்த்தது தப்பாக இருக்கட்டும், படித்ததெல்லாம் தப்பாக இருக்கட்டும். மாலையில் அம்மாவுக்குப் பதில் தானே எண்ணெய் தேய்க்க உட்கார்ந்தாள். அவன் விரல்கள் எப்போதும் போலக் குளிர்ந்திருந்தன. ஒவ்வொரு விரலாக அழுத்திப் பார்த்தாள். எதுவும் திருப்பி அழுத்தவில்லை.

புதன்கிழமையும் கடிகாரம் ஓடியது.

அன்று அரை நாள் விடுப்புப் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்தாள். கதவு சாத்தியிருந்தது. மொட்டைமாடிப் படிக்கட்டில் ஏதோ சத்தம் கேட்டு ஏறிப்போனாள். கடைசித் திருப்பத்தில், தண்ணீர்த் தொட்டி நிழலில், வெற்றி முதுகைக் காட்டி நின்றிருந்தான். கடிகாரத்தை வலது கையில் பிடித்து, கம்பி மத்தாப்புச் சுற்றுவது போலச் சுற்றிக்கொண்டிருந்தான். தூளியில் கிடந்த இடது கை அந்த வேகத்தில் லேசாக ஆடியது.

செருப்புச் சத்தம் கேட்டுத் திரும்பினான். கை நின்றது.

"அம்மாகிட்ட சொல்லிடாத," என்றான். செவ்வாய் விடியற்காலை தூக்கம் கலைந்து பார்த்தபோது நின்றிருந்ததாம். அம்மா எழுந்து பார்த்தால் மனசு விட்டுவிடுவாள் என்று அப்போதே ஆட்டிச் சரிசெய்து வைத்தானாம். நேற்றும் இன்றும் அம்மாவும் அவளும் வேலைக்குப் போனபின் இங்கே வந்து ஆட்டியிருக்கிறான்.

எழில்மொழிக்கு மூச்சு திரும்பி வந்தது. புரிந்துகொண்டுவிட்டான் என்றே நினைத்தாள். ஒரு படி மேலே ஏறி, அப்படியென்றால் நாளைக்குப் போய்க் கையெழுத்துப் போடலாமா என்று மெதுவாகக் கேட்டாள்.

"அய்ய, இன்னாத்துக்கு?" அவனுக்கு உண்மையிலேயே விளங்கவில்லை. "ரெண்டு நாளா கை டல்லாகீது, அவ்ளோதான். இத்தினி வாரம் நிக்காம ஓடுச்சா இல்லியா? அந்த ஓட்டம் திரும்ப வரும். நீதானே சொன்ன, கைதான் பேட்டரின்னு."

கடிகாரத்தை அவளிடம் நீட்டினான். கட்டிவிடச் சொல்லி இடது கையை வலது கையால் தூக்கிப் பிடித்தான். அவள் வாங்கிக்கொண்டாள். கண்ணாடி மூடிக்குள் அரை நிலாத் தகடு இன்னும் மெல்ல ஆடிக்கொண்டிருந்தது. நாளை வியாழன். கடிகாரம் சொல்லும் என்று விட்டாள், அது சொல்லவில்லை. இனி அது நூறு முறை நின்றாலும் அவன் நூறு காரணம் கண்டுபிடிப்பான்.

அவள் கடிகாரத்தை அவன் கையில் கட்டவில்லை.

"அது ஒரு நாளும் உன் கையால ஓடலண்ணா," என்றாள். "நான் மிஷின்ல வச்சி ஓட்டுனேன். உன் கை இன்னும் அசையவே இல்ல."