நூற்று நான்கு கையெழுத்து

கோகிலாவின் நோட்டில் ஒவ்வொரு பக்கத்தின் நடுவிலும் ஸ்கேல் வைத்து ஒரு கோடு இழுத்திருக்கும். இடப்பக்கம் அன்று படித்தது, வலப்பக்கம் புரியாதது. பகலில் தருமபுரி கலெக்டர் ஆபீஸ் எதிரே ஜெராக்ஸ் கடையில் வேலை. மாலை ஆறு மணிக்குப் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு மாடியில் குரூப் நாலு தேர்வு வகுப்பு. வகுப்பு முடிந்து ஊருக்கு வரும் பஸ்ஸிலேயே அன்றைய பக்கத்தை எழுதிவிடுவாள். பெரும்பாலும் வலப்பக்கம்தான் நிறையும்.

அரசியலமைப்புப் பாடம் ஆரம்பித்த பிறகு இடப்பக்கமும் நிறையத் தொடங்கியது. வகுப்பெடுக்கும் சவுரியப்பன் சார் எந்தப் பிரிவின் எண்ணைக் கேட்டாலும் அவள்தான் முதலில் எழுந்தாள். பேச்சுரிமை பத்தொன்பது. கிராம சபை இருநூற்று நாற்பத்து மூன்று ஏ. சொல்லிவிட்டு, சரியாகத்தான் சொன்னோமா என்று பஸ் ஏறும்வரை அரித்துக்கொண்டே இருக்கும்.

அதனால்தான் குடியரசு தினக் கிராம சபையில் அரசியலமைப்பின் முகவுரையை வாசிக்க ஊராட்சிச் செயலர் தர்மன் தன்னைக் கூப்பிட்டபோது அவளுக்கு ஒரு பக்கம் பயமாகவும் ஒரு பக்கம் பெருமையாகவும் இருந்தது. நிகழ்ச்சி நிரலையும் அவளே நிமிடக் கணக்கோடு எழுதினாள். அதைப் பார்த்த தர்மன் இன்னொரு வேலையையும் கொடுத்தார்.

"நூறு கையெழுத்து தேறலன்னா கூட்டமே செல்லாது பாப்பா. டீ வந்துருச்சுன்னா ஒருத்தரும் நிக்க மாட்டாங்க. முன்னாடியே வாங்கிரு."

அந்த ஊரில் எப்போதும் அப்படித்தான். முதலில் கையெழுத்து, பிறகு பேச்சு, அதன் பிறகு டீயும் மிக்சரும். தீர்மானங்களைச் செயலர் பிறகு தன் வீட்டில் நிதானமாக எழுதிக்கொள்வார். யாருக்கும் அது தவறாகத் தோன்றியதில்லை.

வேப்பமரத்தடியில் போட்டிருந்த பிளாஸ்டிக் நாற்காலிகளில் ஊர் உட்கார்ந்திருந்தது. கோகிலா பதிவேட்டோடு வரிசை வரிசையாகப் போனாள். கடைசி வரிசையில் மேட்டுத்தெரு மாதம்மாள் இருந்தாள். சாமந்தித் தோட்டத்தில் பூப்பறிக்கும் வேலையை அன்றைக்கு விட்டுவிட்டு வந்திருந்தாள். மேட்டுத்தெருவில் இருக்கும் அங்கன்வாடியை பைபாஸுக்கு அந்தப் பக்கம், ஊர்ப் பள்ளிக்கூடத்துக் கட்டடத்துக்கு மாற்றப்போவதாகப் பேச்சு. அவளுடைய மகள் சோபனாவுக்கு மூன்று வயது. அங்கே போகவேண்டுமென்றால் லாரிகள் பறக்கும் ரோட்டைத் தினமும் தாண்டவேண்டும். அதைச் சொல்லத்தான் வந்திருந்தாள்.

மாதம்மாள் பேனாவை வாங்கிக்கொண்டு, முதல் பக்கம்வரை புரட்டிப் பார்த்தாள்.

"மேல ஒண்ணுமே எழுதலியே கண்ணு?"

"இது வந்ததுக்கு மட்டுந்தாங்க்கா. தீர்மானம் தனியா எழுதுவாங்க."

"அப்ப நான் எப்பப் பேசறது?"

"கடைசில 'இதர விவகாரம்'னு ஒண்ணு இருக்கு. அப்பப் பேசுங்க."

கோகிலா பொய் சொல்லவில்லை. அப்படித்தான் நம்பினாள். மாதம்மாள் கைரேகை வைக்கிறவள் இல்லை. ஒவ்வொரு எழுத்தாக அழுத்தி எழுதிக் கையெழுத்துப் போட்டாள். தொண்ணூற்றேழாவது அது.

'இந்திய மக்களாகிய நாம்' என்று கோகிலா வாசிக்க, கூட்டம் திருப்பிச் சொன்னது. குரல் நடுங்கவில்லை. உறுதிமொழிக்கு முன்னால் சற்று அமைதி விழுந்தபோது, பின்வரிசையில் மாதம்மாள் எழுந்து நின்றாள். ஏதோ சொல்ல வாயெடுத்தாள். கோகிலாவின் கையிலிருந்த தாளில் அடுத்தது உறுதிமொழி என்றிருந்தது. அவள் உள்ளங்கையைக் கீழே தாழ்த்தி, உட்காரும்படி சைகை காட்டினாள்.

"கலெக்டரம்மாவே சொல்லிட்டாங்க, உக்காரு மாதம்மா" என்றார் முன்வரிசை நஞ்சப்பன். கூட்டம் சிரித்தது. கோகிலாவும் கொஞ்சம் சிரித்தாள். மாதம்மாள் உட்கார்ந்துவிட்டாள்.

இதர விவகாரம் வரவே இல்லை. டீ கேன் வந்ததும் நாற்காலிகள் இழுபடத் தொடங்கின. அந்தச் சத்தத்தில் மாதம்மாள் தர்மனிடம் போய் ஏதோ சொன்னதையும், அவர் எழுதிக்கொள்வதாகத் தலையாட்டியதையும் கோகிலா பார்த்தாள். அன்றைய இடப்பக்கத்தில், மொத்தம் நூற்று நான்கு கையெழுத்து, கூட்டம் நிரலின்படி முடிந்தது என்று எழுதினாள். வலப்பக்கத்தில் எழுத எதுவும் இல்லை.

மூன்று வாரம் கழித்து, மூன்று பிரதி வேண்டும் என்று தர்மன் அதே பதிவேட்டை ஜெராக்ஸ் கடைக்குக் கொண்டுவந்தார். கண்ணாடிமேல் கவிழ்க்கும்போதுதான் கோகிலா கவனித்தாள். அன்று காலியாக இருந்த இடமெல்லாம் நிரம்பியிருந்தது. ஏழாவது தீர்மானம்: அங்கன்வாடி மையத்தைப் பள்ளி வளாகத்துக்கு மாற்ற மக்கள் ஒருமனதாக ஒப்புதல் அளிக்கின்றனர். கீழே தொடங்கிய வரிசையில் முதல் கையெழுத்து அவளுடையது. இரண்டு பக்கம் தள்ளி, அழுத்தி எழுதிய மாதம்மாளின் பெயர்.

"மேட்டுத்தெருக்காரங்க ஒத்துக்கலியேங்க" என்றாள்.

தர்மன் கோபப்படவில்லை. "இப்ப இருக்கற கட்டடம் ஒழுவுது பாப்பா. என்னிக்காச்சும் இடிஞ்சு விழுந்தா யாரு பதில் சொல்றது? கூட்டத்துல யாராச்சும் எந்திரிச்சு வேணாம்னாங்களா? நீயும்தான இருந்த."

எழுந்து நின்றவளை உட்காரவைத்தது யார் என்பது அவருக்கு நினைவில்லை. கோகிலா மூன்று பிரதி எடுத்தாள். ஓரங்களைச் சமமாகத் தட்டிப் பின் அடித்துக் கொடுத்தாள். அதைச் செய்யாமல் இருந்திருக்கலாம் என்பது அவர் போன பிறகுதான் உறைத்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை, ஏழாவது தீர்மானத்தை ரத்துசெய்யக் கேட்டு ஒரு மனுவை டைப் அடித்து எடுத்துக்கொண்டு மேட்டுத்தெருவுக்குப் போனாள். மாதம்மாள் வாசலில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். கோகிலா நடந்ததையெல்லாம் ஒன்றுவிடாமல் சொன்னாள். தன் கையால் பிரதி எடுத்ததையும் சொன்னாள். கடைசியில் மனுவையும் பேனாவையும் நீட்டினாள்.

மாதம்மாள் கையைத் துடைத்தாள். ஆனால் பேனாவை வாங்கவில்லை.

"இதுலயும் நான் போடணுமா?"

"இது வேறங்க்கா. முழுசாப் படிச்சுக் காட்டறன்."

"நீ படிச்ச புள்ள, உன்னைய நம்பித்தான அன்னிக்கும் போட்டன்." குரலில் சண்டை இல்லை. "போ கண்ணு. எனக்கு வேல கெடக்குது."

கோகிலா தன் பெயரில் மட்டும் கையெழுத்திட்டு, திங்கட்கிழமை குறைதீர்க்கும் கூட்டத்தில் மனுவைக் கொடுத்தாள். ஒரு மாதத்தில் பதில் வந்தது. கிராம சபை ஒருமனதாக நிறைவேற்றிய தீர்மானத்தின்படி நடவடிக்கை எடுக்கப்பட்டுள்ளது. மனுதாரரும் அத்தீர்மானத்தில் கையொப்பமிட்டுள்ளார். நாலு வரிதான். ஒரு வரியைக்கூட அவளால் மறுக்க முடியவில்லை.

பங்குனியில் அங்கன்வாடி மாறியது. மேட்டுத்தெருவிலிருந்து இரண்டு பிள்ளைகள் மட்டும் போனார்கள். சோபனா போகவில்லை.

மே முதல் தேதி மறுபடி கிராம சபை. பதிவேடு முதலில் கோகிலாவிடம்தான் வந்தது. அவள் வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். தீர்மானங்களை எழுதி, படித்துக் காட்டினால்தான் கையெழுத்துப் போடுவேன் என்றாள். இந்த முறை குரல் நடுங்கியது. சரியாகத்தான் செய்கிறோமா என்ற சந்தேகம் அப்போதும் விடவில்லை. வெயில் ஏறுகிறது என்றார்கள். டீ ஆறிப்போகிறது என்றார்கள். இதையெல்லாம் வகுப்போடு வைத்துக்கொள்ளம்மா என்றார் நஞ்சப்பன். தர்மன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து எழுத ஆரம்பித்தார். முக்கால் மணி நேரம் ஆனது. ஒவ்வொன்றாகப் படித்தார். தெருவிளக்கு, குடிநீர்த் தொட்டி, சாக்கடை. ஆட்சேபம் உண்டா என்று ஒவ்வொரு முறையும் கேட்டார், யாருக்கும் இல்லை. இதர விவகாரம் என்று வந்தபோது அங்கன்வாடியைப் பற்றிக் கோகிலா எழுந்து பேசினாள். அடுத்த கூட்டத்தில் பார்க்கலாம் என்று எழுதிக்கொண்டார்கள்.

அவள் கடைசி வரிசையைத் திரும்பிப் பார்த்தாள். மேட்டுத்தெருவிலிருந்து ஒருவரும் வரவில்லை.

திரும்பும்போது சாமந்தித் தோட்டத்து வழியாக நடந்தாள். மாதம்மாள் குனிந்து பூப்பறித்துக்கொண்டிருந்தாள். வரப்போரத்தில் சாக்கை விரித்து உட்கார்ந்திருந்த சோபனா, உதிர்ந்த பூக்களை வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"படிச்சாங்களா?" என்றாள் மாதம்மாள், நிமிராமலே. ஊர்ச் சேதி அதற்குள் அங்கேயும் வந்திருந்தது.

"படிச்சாங்கக்கா. எல்லாத்தயும்."

"ம்."

அவ்வளவுதான். மாதம்மாள் கூடையைத் தூக்கி அடுத்த வரிசைக்குப் போனாள். அந்தப் பக்கம் பைபாஸில் லாரிகள் போய்க்கொண்டே இருந்தன.