கிண்ணம் போன வழி

"இன்னைக்கு நான் கடைசி பெஞ்சுல உக்காரப் போறேங்க" என்றாள் என் மனைவி. அப்போது இஸ்திரிப்பெட்டி என் வெள்ளைச் சட்டைக் காலரின் மேல் இருந்தது. இருபது வருடமாகத் துணியோடு புழங்கும் கட்டிங் மாஸ்டர் நான். அன்றைக்குக் காலரைக் கருக்கிவிட்டேன்.

எங்கள் ஆலயத்தில் திருவிருந்தின்போது திராட்சரசம் குடிக்க எல்லோருக்கும் ஒரே கிண்ணம். முதல் பெஞ்சில் என் அண்ணன் குடும்பம், அடுத்தடுத்து எங்கள் ஆட்கள், கடைசியில் சாக்கடை சுத்தம் செய்பவரும் அவர் மனைவியும். அவர்கள் குடித்த பிறகு கிண்ணம் வேறு யார் வாய்க்கும் போகாது, கொதிக்கிற தண்ணீருக்குத்தான் போகும். இந்த வரிசையை யாரும் எழுதி வைக்கவில்லை. பதினைந்து வருடமாகக் கிண்ணத்தை ஏந்திப்போகிற என் கால்களுக்கு அது மனப்பாடம்.

"ஏன், முதல் பெஞ்சுல முள்ளா இருக்கு?" என்றேன்.

"வெள்ளிக்கிழமை ஜெபத்துல நீங்கதான சொன்னீங்க? அண்ணன் தம்பி, பொண்டாட்டி புள்ள எல்லாரும் ஆண்டவருக்கு அப்புறந்தான்னு."

ஊருக்கு உபதேசம் செய்கிறவனுக்கு வீட்டிலும் கேட்க ஆள் இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. அன்று நன்றாகத்தான் பேசினேன். நாலு பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். அதில் ஒருவன் நான்.

"அண்ணன் என்ன சொல்வாருன்னு யோசிச்சியா? வேல பாக்குற கடை அவரோடது. குடியிருக்கிற மாடியும் அவரோடது."

"யோசிச்சேன். எனக்கு அந்த அக்கா பக்கத்துல உக்காரணும். அவ்வளவுதான்."

மனைவிக்குப் புத்தி சொல்ல முடியாத வீரன் என்ன செய்வான்? அண்ணனிடம் ஓடினேன். அவர் நிதானமாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்.

"அவங்க வாய் வச்சதுல நம்ம வீட்டுப் பொம்பள வாய் வச்சா, நாளையிலேருந்து நீ கடைப்பக்கம் வராத தம்பி."

ஆராதனையில் அவள் சொன்னபடியே கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்துவிட்டாள். போதகர் கிண்ணத்தை என்னிடம் கொடுத்தார். அண்ணன் கையை நீட்டினார். எனக்குக் கத்திரி பிடிக்கக் கற்றுக்கொடுத்த கை அது. கடைசி பெஞ்சில் மனைவிக்கு முதலில் கொடுத்துவிட்டு, பிறகு சாக்கடைக்காரருக்கும் அவர் மனைவிக்கும் கொடுத்தால் வேலை போகாமல் தப்பும் என்று மனம் அங்கேயும் வெட்டித் தைத்துப் பார்த்தது. வெட்கமாக இருந்தது. கிண்ணத்தோடு அண்ணனைத் தாண்டி நடந்தேன். துணிச்சல் என்று நினைத்துவிடாதீர்கள், அண்ணன் முகத்தைப் பார்க்காமல்தான் நடந்தேன்.

சாக்கடைக்காரரின் மனைவி கிண்ணத்தைப் பார்த்துத் திகைத்தாள். "எங்களுக்குக் கடைசியிலதானண்ணே?"

"இன்னைக்கு முதல்ல குடிங்கம்மா."

அவள் குடித்தாள், அவள் கணவர் குடித்தார், பிறகு என் மனைவி குடித்தாள். அங்கிருந்து பெஞ்சு பெஞ்சாக முன்னால் வந்தேன். சிலர் குடித்தார்கள், சிலர் உதட்டை ஒட்டவைத்துக்கொண்டு குடித்தது போலக் காட்டினார்கள். முதல் பெஞ்சுக்கு நான் வருவதற்குள் அண்ணன் குடும்பத்தோடு எழுந்து வெளியே போய்விட்டார். எனக்கு அழுகை வந்தது.

ஆராதனை முடிந்ததும் ஆண்டவருக்காக உயிரையே கொடுத்த இரத்தசாட்சி போல முகத்தை வைத்துக்கொண்டு வாசலில் நின்றேன். யாரும் கேட்காததால் நானே சாக்கடைக்காரரின் மனைவியிடம் போய்ச் சொன்னேன். "ஆண்டவருக்காக இன்னைக்குக் கூடப்பிறந்தவரையே விட்டுட்டேம்மா."

அவள் என் பக்கம் திரும்பிச் சொன்னாள். குரலில் கோபமே இல்லை.

"உங்க அண்ணன் ஒரே ஒரு நாள் எங்களுக்குப் பின்னாடி குடிக்கணும்னதும் எழுந்து போயிட்டாரு. நாங்க இத்தன வருஷமா உங்க எல்லாருக்கும் பின்னாடிதான் குடிச்சோம். மானம் ரோஷம் பாத்தா ஆண்டவர் பின்னாடி வர முடியுமான்னு, அப்படியே உக்காந்திருந்தோம்ணே."