பதிமூன்றாவது ஞாயிறு

ஜனவரி முதல் ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாடு முடிந்ததும் கணவர் தலையணையை எடுக்காமல் செருப்பை எடுத்தபோது, மனுஷனுக்கு உடம்புக்கு ஏதோ வந்துவிட்டது என்றுதான் அவள் முதலில் நினைத்தாள். இருபத்திரண்டு வருடக் குடித்தனத்தில் ஞாயிறு மதியத் தூக்கத்தை அவர் விட்டுக்கொடுத்தது இரண்டே தடவை. மகள் பிறந்த அன்று ஒன்று, மாமனார் தவறிய அன்று ஒன்று.

"கிளம்பு. மியூசியம் போயிட்டு வரலாம்" என்றார்.

"யாராவது வராங்களா?"

"யாரும் வரலை. நாமதான்."

அவளுக்கு மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுக்கும் வேலை. மூச்சை இழுத்துப் பிடிங்க, ஆடாதீங்க, இப்ப விடலாம் என்று ஒரு நாளைக்கு அறுபது பேரிடமாவது சொல்லுவாள். கடைத்தெருவில் அவளுக்குப் பெயரே எக்ஸ்ரேம்மாதான். அதே தெருக்கோடியில் இருந்த மூக்குக்கண்ணாடிக் கடையில் அவர் லென்ஸ் தேய்த்துச் சட்டத்தில் பொருத்துகிறவர். அரை மில்லிமீட்டர் பிசகினாலும் மறுபடி முதலிலிருந்து தொடங்குவார். பேச்சையும் அதே அளவுகோலால்தான் அளப்பார். மகள் படிப்புக்காக விடுதிக்குப் போன பிறகு வீட்டில் அதிகம் பேசியது குளிர்சாதனப் பெட்டிதான்.

டிசம்பரில் மருத்துவமனை, நாலரை மணி நேரப் பயணத் தொலைவில் இருந்த ஓர் ஊரில் புதுக் கிளை திறப்பதாக அறிவித்தது. அங்கே எக்ஸ்ரே பிரிவுக்குப் பொறுப்பாளராகப் போக அவளைக் கேட்டார்கள். ஏப்ரல் முதல் திங்கட்கிழமைக்குள் படிவத்தில் கையெழுத்துப் போட்டுத் தரவேண்டும். அவளுடைய தங்கை இருப்பதும் அந்த ஊரில்தான்.

"வந்துடுக்கா. மாடி ரூம் சும்மாதான் கிடக்கு" என்றாள் தங்கை தொலைபேசியில்.

"உங்க மாமா?"

"நீ ஊர்ல இல்லைன்னு அவருக்குத் தெரியறதுக்கே ஒரு வாரம் ஆகும்."

அவளும் சேர்ந்துதான் சிரித்தாள். ஆனால் அந்தப் பேச்சு போனை வைத்த பிறகும் அவளை விடவில்லை. படிவத்தைக் கைப்பையின் உள் அறையில் மடித்து வைத்தாள். அவரிடம் சொல்லவில்லை. அவர் கேட்டால் சொல்லலாம் என்றிருந்தாள். அவர் எதைக் கேட்டிருக்கிறார்?

இந்த நிலைமையில்தான் மியூசியம் வந்தது. அடுத்த வாரம் மீன் காட்சியகம். அதற்கடுத்த வாரம் செடிகொடித் தோட்டம். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அழைத்துப் போனார். அதிகம் பேசவில்லைதான். ஆனால் கூடவே நடந்தார். படிவம் பையிலேயே கிடந்தது. மார்ச் வரைக்கும் அவகாசம் இருக்கிறதே என்று அவளும் அதைத் தொடவில்லை.

ஒரு விஷயம் மட்டும் அவளுக்கு இடித்தது. எங்கே போனாலும், வெளியே வந்து பத்தடி நடந்ததும், "ஒரு நிமிஷம் நில்லு" என்று உள்ளே ஓடிவிடுவார். ஐந்து நிமிடம் கழித்து நிம்மதியான முகத்தோடு திரும்புவார். ஐம்பது தாண்டிய ஆண்கள், அடக்க முடியாத அவசரம் — மருத்துவமனையில் வேலை பார்ப்பவளுக்கு இதற்கு மேல் சொல்ல வேண்டுமா? வெட்கப்பட்டுக்கொண்டு மறைக்கிறார் என்று முடிவு செய்தாள். ஸ்கேன் எடுக்கும் பெண்ணிடம் அவருக்காக ஒரு நாள் குறித்து வைக்கச் சொல்லிவிட்டு, எந்தெந்த வாரம் ஓடினார் என்று மனசுக்குள் கணக்கு வைத்துக்கொண்டு வந்தாள்.

ஓடாத வாரங்கள் மூன்று.

நாலாவது வாரம் படகுக் குளம். அவர் துடுப்புப் போட்ட அழகில் படகு முக்கால் மணி நேரம் ஒரே இடத்தில் சுற்றியது. "பதினேழாம் நம்பர், மாவாட்டுறீங்களா அங்க?" என்று ஒலிபெருக்கியில் கத்தினான் படகுக்காரன். அப்போது பார்த்து மழை பிடித்துக்கொண்டது. நனைந்துகொண்டே பஸ்ஸுக்கு ஓடினார்கள். ஏழாவது வாரம் ரயில் காட்சிக்கூடம். பழைய பெட்டி ஒன்றில் எதிரெதிரே உட்கார்ந்து, முதல் வேலைக்கான நேர்முகத் தேர்வில் தன் கண்ணாடியையே உடைத்துக்கொண்ட கதையை அவர் சொன்னார். இருபத்திரண்டு வருடத்தில் அவள் கேட்டிராத கதை. காவலாளி விசிலடித்து விரட்டும்வரை உட்கார்ந்திருந்தார்கள்.

பத்தாவது வாரம் சண்டை. கைவினைக் கண்காட்சியில், ஒரு பானைக் கடை முன்னால்.

"என் வேலை எப்படிப் போகுதுன்னு ஒரு நாளாவது கேட்டிருக்கீங்களா?"

"நீதான் வீட்டுக்கு வந்ததும் ஆஸ்பத்திரிப் பேச்சே வேண்டாம்னு சொன்னே."

"எப்ப சொன்னேன்?"

"பாப்பா ஒண்ணாவது படிக்கறப்ப."

பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் சொன்ன ஒரு பேச்சை மனுஷன் இன்னும் கடைப்பிடித்துக்கொண்டிருக்கிறார். அவளுக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. ஆளுக்கொரு பஸ்ஸில் வீடு திரும்பினார்கள். அன்று படிவத்தை வெளியே எடுத்தாள். பேனா கிடைக்கவில்லை என்று திரும்ப வைத்துவிட்டாள். வீட்டில் ஒன்பது பேனா இருந்தன.

பன்னிரண்டு ஞாயிறுகள் முடிந்தன. அடுத்த சனிக்கிழமை ரொட்டி வாங்கப் போனவளை பேக்கரிக்கார அம்மா கல்லாவுக்குப் பின்னாலிருந்து கூப்பிட்டாள்.

"என்ன எக்ஸ்ரேம்மா, உன் வீட்டுக்காரர் இப்படிக் கோட்டை விடுவார்னு நான் நினைக்கவே இல்லை."

"எதுல?"

"புத்தாண்டுத் தீர்மான அட்டைலதான். உனக்குத் தெரியாதா?"

தெரியாது. கடைக்காரர்கள் சங்கம் போட்ட திட்டம் அது. அட்டையில் தீர்மானத்தை எழுதவேண்டும். அதைக் காப்பாற்றத் தெருக்கடைகளும் ஊரில் பார்க்க வேண்டிய இடங்களும் கை கொடுக்கும். காப்பாற்றிய ஒவ்வொரு வாரத்துக்கும் ஒரு முத்திரை. பன்னிரண்டும் சேர்ந்தால், பெரிய ஹோட்டல் மொட்டைமாடியில் இரண்டு பேருக்கு விருந்து. சிகரெட்டை விடுவதாக எழுதினவர்களுக்குப் பழச்சாறுக் கடையில் முத்திரை. சர்க்கரையைக் குறைப்பதாக எழுதினவர்களுக்கு பேக்கரியிலேயே முத்திரை. உள்ளே வந்து, கேக்கைப் பார்த்துவிட்டு, ஒன்றும் வாங்காமல் போகவேண்டும்.

"இவங்களால எனக்கு மூணு மாசமா வியாபாரம் படுத்துப்போச்சு" என்றபடி அந்த அம்மா சங்கத்துக்காகத் திரும்ப வாங்கி வைத்திருந்த அட்டைக் கட்டைப் பிரித்து ஒன்றை உருவினாள். "தையல்காரர் நாளுக்கு ஒரு பாக்கெட் ஊதினவரு. அவரே பன்னெண்டு வாங்கிட்டாரு. உன் ஆளு ஒம்போது."

மருந்துச்சீட்டு மாதிரி பொடிப்பொடியாக அவர் கையெழுத்து: வாரம் ஒருமுறை மனைவியை வெளியே அழைத்துச் செல்வது.

வாரம் ஒருமுறை, சாப்பாட்டுக்குப் பின் என்று வாசித்துக்கொண்டாள் அவள். காது மடல் சூடானது. ஆக, அத்தனை ஞாயிறும் ஒரு கட்டத்தில் மை குத்திக்கொள்ளத்தான். உள்ளே ஓடியதும் அதற்குத்தான். ஸ்கேன் எடுக்கும் பெண்ணிடம் இப்போது என்ன சொல்வது?

"மூணுதானே, நானே குத்திடறேன்னு சொன்னேன். கேட்டாத்தானே. வாங்கலைன்னா வாங்கலைதான்னுட்டாரு."

"ஏன் வாங்கலையாம்?"

"மறந்துட்டாராம். அரை மில்லிமீட்டரை மறக்காத ஆளு."

அவள் அட்டையை மறுபடி பார்த்தாள். காலியாக இருந்த கட்டங்கள் நாலு, ஏழு, பத்து. மழை, ரயில் பெட்டி, சண்டை. கோபம் வந்த வேகத்தில் பாதி தூரம் போய் நின்றுவிட்டது. மீதிப் பாதி மட்டும் அவளோடு வீட்டுக்கு வந்தது.

திட்டம் முடிந்துவிட்டது. அட்டை பேக்கரியில் கிடக்கிறது. திங்கட்கிழமை படிவத்துக்குக் கடைசி நாள். நாளை மதியம் அவர் செருப்பை எடுக்கிறாரா தலையணையை எடுக்கிறாரா என்று பார்த்துவிடலாம் என்று தனக்குள் தீர்மானித்தாள். புத்தாண்டு போய் மூன்று மாதம் கழித்து அவள் எடுத்த ஒரே தீர்மானம் அதுதான்.

ஞாயிறு மதியம் அவர் சாப்பிட்டார், தட்டைக் கழுவி வைத்தார், தலையணையை எடுத்தார். இரண்டாவது நிமிடம் குறட்டை கேட்டது.

அவள் சமையலறை மேடையில் படிவத்தை விரித்தாள். பேனா இந்தத் தடவை முதல் இழுப்பறையிலேயே கிடைத்தது. கையெழுத்துப் போட்டாள். மடித்துப் பையில் வைத்தாள்.

கூடத்தில் அலாரம் அடித்தது.

"என்ன, இன்னும் கிளம்பலையா?" அவர் கண்ணைக் கசக்கிக்கொண்டு எழுந்து வந்தார். "மணிக்கூண்டு நாலு மணிக்கு மூடிடுவான். நூத்து நாப்பது படி இருக்கு. கண்ணசரலேன்னா ஏற முடியாதுன்னுதான் இருவது நிமிஷம் படுத்தேன்."

"மணிக்கூண்டுல முத்திரை குத்துவாங்களா?"

அவர் அவளைப் பார்த்தார். "பேக்கரியம்மா சொல்லிட்டாங்களா?"

"சொல்லிட்டாங்க."

"அங்க குத்த மாட்டாங்க" என்று செருப்பை மாட்டினார். "அவன் திட்டத்துல சேரலை."

நூற்று நாற்பது படியும் ஏறி முடித்தபோது அவருக்கு மேல்மூச்சு வாங்கியது. பெரிய கடிகாரத்தின் முதுகுப்புறம், பல்சக்கரங்களுக்குப் பக்கத்தில், கைப்பிடிச் சுவரில் சாய்ந்தார். கீழே கடைத்தெரு தீப்பெட்டிகளை அடுக்கி வைத்த மாதிரி தெரிந்தது.

"மூச்சை இழுத்துப் பிடிங்க. ஆடாதீங்க" என்றாள்.

பிடித்தார்.

அவள் படிவத்தை எடுத்து நீட்டினாள். "இப்ப விடலாம்."

லென்ஸைப் பார்ப்பதுபோல வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து ஒவ்வொரு வரியாகப் படித்தார்.

"எப்ப வந்தது?"

"டிசம்பர்ல."

"கையெழுத்து?"

"மத்தியானம். நீங்க தூங்கறப்ப."

"இருவது நிமிஷம்தானே தூங்கினேன்."

"அதுக்கு அரை நிமிஷம் போதும்."

சக்கரம் ஒரு பல் நகர்ந்தது. அவர் படிவத்தை இன்னொரு தடவை பார்த்தார். பிறகு கேட்டார்: "அங்க போகணும்னு தோணுதா, இல்ல இங்கேருந்து போனாப் போதும்னு தோணுதா?"

அவர் அவளைக் கேட்ட கேள்விகளிலேயே நீளமானது அதுதான். அவள் யோசித்துத்தான் பதில் சொன்னாள்.

"டிசம்பர்ல இங்கேருந்து போனாப் போதும்னு இருந்தது. இப்ப அங்க போகணும்னு இருக்கு. அந்த வேலையை என்னால நல்லா செய்ய முடியும்."

"அது எனக்குத் தெரியும்" என்றார். படிவத்தைப் பழைய மடிப்பிலேயே மடிக்கப் போனவர் நிறுத்தினார். "நாலாவது வரில தேதி போடலை. திருப்பி அனுப்பிடுவாங்க." சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்துக் கொடுத்தார்.

அவள் சுவரில் வைத்துத் தேதியை எழுதினாள்.

"அந்த ஊர்ல ஞாயித்துக்கிழமை பார்க்க என்ன இருக்கு?"

"தெரியலை. தங்கச்சியைத்தான் கேக்கணும்."

"வேண்டாம். நானே வந்து பார்த்துக்கறேன். காலைல எத்தனை மணிக்கு வண்டி?"

"ஆறே கால்."

"சரி" என்றார், அளவு எடுத்துக்கொண்டவர் மாதிரி.

கீழே இறங்கி, வாசலைத் தாண்டிப் பத்தடி நடந்ததும், "ஒரு நிமிஷம் நில்லு" என்றார்.

"அதான் அவன் திட்டத்துல சேரலைன்னீங்களே."

"இது நெஜமாவே பாத்ரூம்" என்று சொல்லிவிட்டு உள்ளே ஓடினார்.

ஸ்கேனை ரத்து செய்ய வேண்டாம் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.