காதில் பேசுகிறவரும் ஹாலில் இருக்கிறவரும்

அலை முழங்காலைத் தாண்டிவிட்டது, எலியாப் இன்னும் பாதரட்சையைக் கழற்றவில்லை, குகைவாசலில் தீர்சாள் குனிந்து நுழையப் போகிறாள், அவள் மார்போடு கட்டிய துணிக்குள் ராயனின் சேவகர்கள் தேடி அலைகிற தோல்சுருள், உள்ளே என்ன இருக்கிறதென்று யாருக்கும் தெரியாது, போனவர்கள் யாரும் வந்து சொன்னதில்லை, நீ போ தீர்சாள், என்கிறான் எலியாப், நீ திரும்பி வருமட்டும் என் பாதரட்சை என் கால்களிலேயே இருக்கும், என்கிறான், தண்ணீர் ஏறுகிறது, இடுப்பைத் தொடுகிறது, சேலையில் சொட்டிப் பாதத்தில் வழிகிறது, சலோமி திடுக்கிட்டுப் பார்த்தால் அடுப்படித் தொட்டி நிரம்பி வழிகிறது, கழுவப் போட்ட சாளை மீன்கள் மறுபடி கடலுக்குக் கிளம்பியதுபோல விளிம்புக்கு வந்து நிற்கின்றன, குழாயை மூடினாள், கத்தியைக் கீழே வைத்தாள், காதில் மாட்டியிருந்த கருவிக்குள் கதை தன் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது, அவளால்தான் அந்த ஒரு வரியைத் தாண்டி நகர முடியவில்லை.

ஏனென்றால் அந்த வரி அவளுடையது. அவளிடம் சொல்லப்பட்டது. இதே குரலில்.

குரல் அவள் புருஷன் தனசிங்குடையது, சுவருக்கு அந்தப் பக்கம் ஹாலில் பிரம்பு நாற்காலியில் அவர் உட்கார்ந்திருக்கிறார், கழுத்தில் மூச்சு விடுவதற்கென்று ஒரு துவாரம், அதன்மேல் மெல்லிய துணி, குரல்வளையில் கட்டி, அப்படியே எடுத்துவிட்டார்கள், உயிர் தங்கியது, சத்தம் போய்விட்டது, எழுதிக் காட்ட வாங்கிக் கொடுத்த நோட்டை அவர் தொட்டதே இல்லை, கோயம்புத்தூரில் இருக்கிற மகள் பிரிசில்லா வந்து பார்த்துவிட்டு அழுதாள், அப்புறம் எங்கேயோ துழாவி அப்பா அந்தக் காலத்தில் கேசட்டுக்காக வாசித்த எக்காளக் கப்பல் என்கிற கதைகளைப் பாகம் பாகமாக எடுத்து அம்மாவின் போனில் போட்டுக் கொடுத்தாள், அப்பா குரல் கேக்கணும்போல இருந்தா இதப் போட்டுக்கோம்மா, என்றாள், சலோமி முதலில் தொடவில்லை, பிறகு ஒருநாள் வெங்காயம் உரிக்கும்போது போட்டாள், கப்பல் புறப்பட்டது, அதிலிருந்து அவள் கரை இறங்கவில்லை, வேத வாக்கியங்களை ஒளித்துக்கொண்டு துறைமுகம் துறைமுகமாய் ஓடுகிற எலியாப், ஒவ்வொரு பாகத்தின் கடைசியிலும் கத்தி கழுத்துக்கு வந்து நிற்கும், அந்த நேரம் பார்த்து இசை முடிந்துவிடும், சலோமிக்குச் சோறு இறங்காது, ஹாலில் எட்டிப் பார்ப்பாள், எலியாப் அங்கே கால்மேல் கால் போட்டு மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

அந்தக் காலத்தில் அவள் இதையெல்லாம் கேட்டதே இல்லை, கேசட்டாக வந்தது, சபை நடத்துகிற கன்வென்ஷன் கூட்டங்களில் பந்தலுக்கு வெளியே மேஜை போட்டு விற்பார்கள், சாத்தான்குளம் பக்கம் போனால் பஸ் கண்டக்டர்கூட நீங்க எலியாப் அண்ணன்தானே என்று எழுந்து இடம் கொடுப்பார், ஊருக்கெல்லாம் வாய் திறக்கிற மனுஷன் வீட்டுப்படி ஏறியதும் வாயைப் பூட்டிச் சாவியைக் கிணற்றில் போட்டுவிடுவார், குழம்பு நல்லாயிருக்கா என்றால் தலையாட்டல், பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் சட்டையை மாட்டிக்கொண்டு மருந்துக்குக் கிளம்புவார், பேச மாட்டார், பேசவே மாட்டார், ஒருமுறை பொறுக்க முடியாமல் பெட்டியைக் கட்டினாள், நாசரேத்தில் அண்ணன் வீட்டுக்குப் போய்விடுவதென்று, பிரிசில்லாவின் பள்ளிக்கூடச் சீருடையைக்கூட மடித்து வைத்துவிட்டாள், அப்போதுதான் அந்த வாக்கியம் வந்து குறுக்கே நின்றது, பெட்டியை அவிழ்த்தாள்.

பிரிசில்லா பிறக்கப்போகிற அன்றைக்குச் சொன்னது, ரத்தக்கொதிப்பு ஏறிவிட்டது, தாயா பிள்ளையா என்று டாக்டரம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு கேட்டார்கள், தள்ளுவண்டியில் படுக்கவைத்துக் கொண்டுபோகிறார்கள், மேலே விளக்குகள் ஒவ்வொன்றாய்ப் பின்னால் ஓடுகின்றன, தனசிங் குனிகிறார், கேசட்டில் வருகிற அதே ஆழமான குரலில், நீ போயிட்டு வா சலோமி, நீ வாரது வரைக்கும் நான் செருப்பக் கழத்த மாட்டேன், என்கிறார், வெளியே செருப்போடு நிற்கக் கூடாது என்று நர்ஸ் சத்தம் போடுகிறாள், அவர் அசையவில்லை, நர்ஸ் ஈட்டியை உயர்த்துகிறாள், இல்லை, ஈட்டி சேவகன் கையில், நர்ஸ் கையில் இருந்தது ரத்தப் பாட்டில், இல்லை, நர்ஸ் ஒருத்தி இருந்தாளா, நேற்றுக் கேட்ட பாகத்திலிருந்து ஏறி வந்துவிட்டாளா, சலோமி ஈரக்கையோடு நெற்றியைத் தேய்த்தாள், மீன்வாடை, எது ஆஸ்பத்திரி, எது குகை, எந்தக் கதவுக்குள் போனது அவள், எந்தக் கதவுக்குள் போனது தீர்சாள்.

பின்வாசல் வழியாக லீதியாள் வந்தாள், தனசிங்கின் அக்கா, பக்கத்துத் தெருதான், தினமும் தம்பியைப் பார்க்க வருவாள், பார்த்ததற்குக் கூலியாகக் காப்பி குடித்துவிட்டுத்தான் போவாள், இவள் நிற்கிற நிலையைப் பார்த்து இடுப்பில் கைவைத்தாள், நல்ல கூத்துட்டி இது, மனுஷன் ஹால்ல குத்துக்கல்லா உக்காந்திருக்கான், நீ அவனக் காதுல மாட்டிக்கிட்டு அடுப்படியில அலையுத, என்றாள். சலோமிக்குச் சிரிப்பு வரவில்லை, மைனி, இந்தக் குகையில எறங்குத பாகம் எப்ப வந்துச்சு, என்று கேட்டாள், லீதியாள் யோசிக்கவே இல்லை, மேஜை போட்டு விற்றதே அவள்தானே, அந்தக் கன்வென்ஷனில்தான் சலோமி மசக்கையில் பந்தலுக்குப் பின்னால் வாந்தியெடுத்தாள், வயிறுகூடத் தெரியவில்லை, இந்தக் கேசட்டுக்குத்தான் கூட்டம் முட்டியது, பெண்டுகளெல்லாம் பாதரட்சை கேசட் குடுங்க என்று கேட்டு வாங்கினார்கள், என்றெல்லாம் சொல்லிக்கொண்டே போனாள்.

அப்படியென்றால் கதை முதலில். ஆஸ்பத்திரி பிறகு. ஊரிலுள்ள பெண்டுகளெல்லாம் மேஜையில் காசு கொடுத்து வாங்கிப்போன வாக்கியத்தைத்தான் அவர் தள்ளுவண்டியில் கிடந்தவளிடம் சொல்லியிருக்கிறார், அதன்மேல்தான் அவள் இத்தனை வருஷம் உலை வைத்திருக்கிறாள். என்னட்டி மொகம் செத்துப்போச்சு, என்றாள் லீதியாள், சலோமி விஷயத்தைச் சொன்னாள், லீதியாள் காப்பித் தம்ளரை ஊதிக்கொண்டு, என் தம்பிக்குச் சொந்தமா ஒரு வாக்கியம் வந்தா அன்னைக்குப் பாளையங்கோட்டையில கப்பல் ஓடும், என்றாள், அப்புறம் இவள் கண்ணைப் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னாள், என்கிட்ட ஏன் நிக்க, போய் அவன்கிட்டக் கேளு.

ஹாலுக்கு வந்தாள், ஒரு காதில் இன்னும் எலியாப், முன்னால் தனசிங், ஏங்க, வாரது வரைக்கும் செருப்பக் கழத்த மாட்டேன்னு சொன்னீகளே, அது எனக்குச் சொன்னதா, கதையில உள்ளத வாசிச்சீகளா. அவர் நிமிர்ந்து பார்த்தார், தலையை இரண்டு பக்கமும் ஆட்டினார், இரண்டும் இல்லையாம், விரலை நீட்டி அவளைக் காட்டினார், உதடு அசைந்தது, தண்ணி, போதும், ஃபேன், இவ்வளவுதான் அவளுக்கு அந்த உதட்டில் படிக்கத் தெரியும், புரியல, என்றாள், அவர் ஒவ்வொரு வார்த்தையாக, சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோல வாயை அகட்டிக் காட்ட, அவள் அதைச் சத்தமாகச் சொல்லிப் பார்த்தாள், முட்டை, என்றாள், தலையாட்டினார், முட்டை அட்டை, சத்தம் எதிரொலிக்காம இருக்கச் செவுரு பூரா முட்டை அட்டை, ரெக்கார்டிங் ரூமு, என்றாள், ஆமாம், மொத நாளு, ஆமாம், நீங்க பயந்துட்டீங்க, ஆமாம் ஆமாம், கதவடைத்த அறைக்குள் போக மாட்டேன் என்று வாசலில் வியர்த்து நின்றாராம், கல்யாணமாகிக் கொஞ்ச நாள்தான், கூட அவளும் போயிருந்தாள், செருப்பை வெளியே விடவேண்டும் என்றார்களாம், அப்போது நீ, என்று மறுபடி விரல் அவளைக் காட்டியது, நான், என்றாள், நான் என்ன சொன்னேன், உதடு அசைய அசைய அவள் வாயிலிருந்தே வந்தது அது, நீங்க உள்ள போங்க, நீங்க வாரது வரைக்கும் நான் செருப்பக் கழத்தாம நிக்கேன், சரியா வரலைன்னா ரெண்டு பேரும் ஓடிருவோம்.

அடுப்படியில் லீதியாள் சிரிப்பது கேட்டது, கதை எழுதிய போதகர் ஞானாபரணமும் அன்றைக்கு இப்படித்தான் சிரித்தாராம், பிறகு அதையே வேத பாஷையில் மாற்றி எலியாப்பின் வாயில் வைத்துவிட்டாராம், எல்லாவற்றையும் அவர் உதட்டிலிருந்து எடுத்துச் சலோமியே சொல்லி முடித்தாள், முட்டை அட்டை ஞாபகம் இருக்கிறது, அறைவாசலில் ஒரு கோரைப்பாய் ஞாபகம் இருக்கிறது, இதைச் சொன்னது ஞாபகம் இல்லை, இருக்கிறது, இல்லை, இப்போது சொன்னதால் இருக்கிறதுபோலத் தோன்றுகிறது, விளையாட்டுக்கு அவள் சொன்னதை ஊரே ஸ்தோத்திரம் சொல்லிக் கேட்டிருக்கிறது, அவளுக்கே அது திரும்பி வந்து அவளைப் பிழைக்கவைத்து, பெட்டியை அவிழ்க்கவைத்து, இத்தனை வருஷம் அவள் சாய்ந்திருந்த தூண் அவளே நட்டதா, சந்தோஷப்படுவதா, ஏமாந்ததா, ஒன்றும் விளங்கவில்லை, ஒன்று மட்டும் கேட்கத் தெரிந்தது.

அப்ப நீங்க எனக்குன்னு என்னதான் சொன்னீங்க.

தனசிங் வாயைத் திறந்தார், பேசினார், இத்தனை வருஷத்தில் அந்த ஹாலில் பேசாத அளவுக்குப் பேசினார், உதடு ஓடுகிறது, புருவம் ஏறி இறங்குகிறது, கை எழும்பி மடியில் விழுகிறது, கழுத்துத் துணி மூச்சில் படபடவென்று அடித்துக்கொள்கிறது, சத்தம் என்று ஒன்றும் இல்லை, ஒரு காதில் எலியாப் அலைகளை அதட்டிக்கொண்டிருக்கிறான், ஒரு கணம் அவன் குரலும் இவர் உதடும் பொருந்துகின்றன, மறுகணம் பிரிந்துவிடுகின்றன, மெதுவா, மெதுவா, என்கிறாள், அவர் நிறுத்தவில்லை, சலோமி காதிலிருந்ததைப் பிடுங்கி எடுத்தாள், கடல் சட்டென்று நின்றது, இப்போது குகைக்குள் இருப்பது எலியாப், உள்ளேயிருந்து என்னவோ சொல்லிக்கொண்டே இருக்கிறான், வாசலில் நிற்பது தீர்சாள், அவளுக்குக் காற்று மட்டும் கேட்கிறது, உள்ளே என்ன இருக்கிறதென்று அவளுக்கும் தெரியாது, அவள் பிரம்பு நாற்காலிக்கு எதிரே தரையில் உட்கார்ந்து அவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டாள், மொதல்லேருந்து சொல்லுங்க, என்றாள், ஒவ்வொரு வார்த்தையா, நான் திருப்பிச் சொல்லுதேன், சரின்னா தலைய ஆட்டுங்க.