வனமாமலையின் நூற்றுப் பதினொரு கிலோ

ஒரகடத்தில் கார் சீட் செய்யும் ஒரு கம்பெனியின் மருத்துவ அறைப் பதிவேட்டில் வனமாமலையின் எடை நூற்றுப் பதினொரு கிலோ என்று இருக்கிறது. ஆளைப் பார்த்தால் அறுபதைத் தாண்டமாட்டான். மேம்பாலத்தில் கன்டெய்னர் லாரி உரசிப் போனால் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொள்கிற உடம்பு. எடை எந்திரம் கெட்டுவிட்டது என்றுதான் நர்ஸ் முதலில் நினைத்தார். தானே ஏறிப் பார்த்தார், சரியாக இருந்தது. வாசலில் நின்ற செக்யூரிட்டியை ஏற்றிப் பார்த்தார், அதுவும் சரியாகவே இருந்தது. வேறொரு எந்திரத்தை வரவழைத்து வனமாமலையை ஏற்றினால் மறுபடியும் நூற்றுப் பதினொன்று. அந்த வாரம் இன்னும் இருநூறு பேருக்குப் பரிசோதனை பாக்கி இருந்ததால், வந்த எண்ணை அப்படியே எழுதிக்கொண்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார். கூடுதலான அந்த ஐம்பத்தொரு கிலோ அவனுடைய இடுப்புக்கு மேலே, முதுகுத்தண்டை ஒட்டி இடது பக்கமாக உட்கார்ந்திருந்தது. அவனுக்கு அது வலியாகத் தெரிந்தது.

வனமாமலை நாங்குநேரிப் பக்கத்துக்காரன். ஐடிஐ முடித்துவிட்டு ஒரகடம் வந்தவன், வாடகை அறையில் நான்கு பேரோடு ஐந்தாவது ஆளாகப் படுத்து, எல்லாரையும்போல வேலைக்குப் போய் வந்தான். பெல்ட்டில் வரும் சீட்டைத் தூக்க வேண்டும், இடுப்பைத் திருப்ப வேண்டும், தள்ளுவண்டியில் வைக்க வேண்டும். ஒரு ஷிப்டுக்கு நானூறு சீட். மதிய ஷிப்டில் அவன் நிற்கும் இடத்தில் காலை ஷிப்டு முழுக்க ஜோதி நின்றிருப்பாள். மணிமங்கலத்துக்காரி, முப்பத்தாறு வயது, அவனுக்கு ஜோதியக்கா. இரண்டு ஷிப்டும் சந்திக்கிற இரண்டு நிமிடம்தான் அவர்களுக்குள் பேச்சு. அந்த லைனில் ஒரு வழக்கம் உண்டு. கம்பெனி எழுதி ஒட்டிய சட்டம் அல்ல, அங்கே நின்றவர்களே வைத்துக்கொண்டது. இருக்கிறவர் "போயிட்டு வரேன்" என்று வாய் திறந்து சொன்ன பிறகுதான் வருகிறவர் சீட்டில் கை வைப்பார். சொல்லாமல் நகர்ந்தால் அன்றைக்கு யாருக்காவது கை நசுங்கும் என்று ஒரு பயம். மூன்று வருடம் மதியத்தில் ஜோதி அவனிடமும், இரவில் அவன் அடுத்த ஷிப்டுக்காரரிடமும் இதைச் சொன்னார்கள். மிச்ச நேரத்தில் ஜோதி தன் முதுகைப் பற்றிச் சொன்னாள். நான்கு வருட வலி. மருந்துக் கடைக்காரர் அவள் தலையைப் பார்த்ததுமே எடுத்து வைக்கிற மாத்திரையை, டீக்கு ஒன்றாக, மிட்டாய் மாதிரிப் போட்டுக்கொள்வாள். மகளைத் தூக்கி இரண்டு வருடம் ஆகிறது என்று ஒருமுறை சொன்னாள். அந்த மாத்திரையே அவளை முடித்தது. ஐப்பசியில் சிறுநீரகம் இரண்டும் போய், பதினேழு நாள் கிடந்து இறந்தாள்.

கம்பெனியிலிருந்து பதினொரு பேர் வேனில் மணிமங்கலம் போனார்கள். மாலை போட்டார்கள், உடம்பை எடுக்கும்வரை நின்றார்கள், பிறகு சாவு வீட்டிலிருந்து எப்படிக் கிளம்ப வேண்டுமோ அப்படி, யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லிக்கொள்ளாமல் செருப்பை மாட்டினார்கள். வனமாமலையும் மாட்டினான். இது தெரியாதவன் அல்ல. நாங்குநேரியிலும் இதே முறைதான். ஆனால் மூன்று வருடப் பழக்கம் நாக்கில் உட்கார்ந்திருந்தது. ஜோதியைக் கிடத்தியிருந்த இடத்தைப் பார்த்து, ஷிப்டு மாறும்போது சொல்வதைப்போலவே, "போயிட்டு வாரேன்க்கா" என்று சொல்லிவிட்டான். பெண்கள் சிலர் திரும்பிப் பார்த்தார்கள். அவன் நல்ல மனதோடுதான் சொன்னான், அதனால் யாரும் திட்டவில்லை. வேனில் ஏறக் காலைத் தூக்கியபோது இடுப்பில் பிடித்தது.

அதிலிருந்து அது இறங்கவில்லை. ஷேர் ஆட்டோக்காரர் பாபு, பின் சீட்டில் மூன்று பேரை உட்காரவைத்துவிட்டு டயரைப் பார்ப்பார், மறுபடி ஆட்களை எண்ணுவார், நாலாவது யார் என்று கேட்டுத் தலையைச் சொறிவார். வனமாமலை படுத்தெழுந்த பாயில் ஒருக்களித்துப் படுத்த இன்னொரு உடம்பின் பள்ளமும் இருந்தது. அறையில் உடன் இருந்த மாரிராஜ் அதைப் பார்த்துவிட்டுத் தன் பாயைச் சுவரோரமாக இழுத்துக்கொண்டான். காலை பத்தரை ஆனால் வலிக்கு டீ வேண்டியிருந்தது. அது காலை ஷிப்டின் டீ நேரம். மதிய ஷிப்டுக்காரனான வனமாமலை தூங்குகிற நேரம் அது. எழுந்து போய் ஒரு டீ குடித்தால்தான் கொஞ்சம் தணியும். ஸ்ரீபெரும்புதூரில் எக்ஸ்ரே எடுத்தபோது, எடுக்கிறவர் வெளியே வந்து, இடுப்புப் பக்கம் இருக்கும் ஊக்கைக் கழற்றிவிட்டு வரச் சொன்னார். அவனிடம் ஊக்கு ஏதும் இல்லை. சட்டையைக் கழற்றி மறுபடி எடுத்தார்கள். முதுகெலும்புக்கு இடது பக்கம், தாலிச் சரட்டில் பெண்கள் கோத்து வைப்பார்களே அப்படி, மூன்று ஊக்கு ஒன்றோடொன்று தொங்கிக்கொண்டு படத்தில் விழுந்திருந்தன. எலும்பில் கோளாறு ஒன்றும் இல்லை என்று எழுதிக் கொடுத்தார்கள்.

ஈஎஸ்ஐ மருந்தகத்தில் மாத்திரை கொடுத்தார்கள். உள்ளங்கையில் வைத்துப் பார்த்தான், ஜோதியின் நினைவு வந்தது, சாக்கடையில் போட்டான். எண்ணெய் தேய்த்தான், கட்டுப் போட்டான், வெந்நீர்ப் பை வைத்தான், இடுப்புக்கு அகலமான பெல்ட் வாங்கி மாட்டினான், செல்போனில் பார்த்துக் கையைக் காலை நீட்டினான். எல்லாமே இரண்டு நாள் கேட்டன. மூன்றாம் நாள் அது பழைய இடத்தில் வந்து உட்கார்ந்துகொள்ளும். மாசி மாதம் ஊரில் அவன் மனைவி பேச்சிக்குப் பெண் குழந்தை பிறந்தது. சுகப்பிரியா என்று பெயர் வைத்தார்கள். நான்கு நாள் விடுப்பில் போனவனுக்குக் குனிய முடியவில்லை. டாக்டர் இரண்டு கிலோவுக்கு மேல் தூக்கக் கூடாது என்று சொல்லி, கம்பெனியிலும் அவனைச் சீட் எண்ணி எழுதுகிற வேலைக்கு மாற்றியிருந்தார்கள். பிள்ளை மூன்று கிலோ நூறு கிராம். யாராவது எடுத்து மடியில் வைத்தால் வைத்துக்கொண்டான், அழுதால் யாராவது வந்து எடுத்துப் போனார்கள். தன் பிள்ளை அழும்போது பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்த அந்த நான்கு நாளைப்போல அவன் எதற்கும் வெட்கப்பட்டதில்லை. தை பிறந்ததும் பிள்ளையோடு வந்துவிடுவதாகப் பேச்சி சொன்னாள். அதற்குள் சரியாகிவிடும் என்றான். ஒவ்வொரு வாரமும் போனில் அவள், "இப்பம் குனிய முடியுதாங்க?" என்று கேட்பாள். கொஞ்சம் முடிகிறது என்று இவன் பொய் சொல்வான்.

மார்கழியில், அறைக்குச் சொந்தக்காரரின் மனைவி கனகத்திடம் போகச் சொன்னது மாரிராஜ்தான். கனகம் பிறக்கும்போது கால் முதலில் வந்தவள். அப்படிப் பிறந்தவர்கள் மூன்று மிதி மிதித்தால் இடுப்புப் பிடிப்பு விட்டுவிடும் என்பது இந்தப் பக்கம் எல்லாருக்கும் தெரியும். சுற்றியிருந்த நிலமெல்லாம் கம்பெனியாகி, களத்துமேடு இருந்த இடத்தில் வாடகை அறைகள் வந்த பிறகு, கனகத்தின் காலுக்கு வேலை கூடித்தான் போயிருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை என்றால் வாசலில் நான்கைந்து இளவட்டங்கள் குப்புறப் படுத்திருப்பார்கள். வனமாமலை படுத்தான். கனகம் வலது காலைத் தூக்கினாள். தூக்கிய கால் அவன் முதுகுக்கு ஒரு முழம் மேலேயே நின்றுவிட்டது.

"இன்னாப்பா, உன் மேல ஏற்கெனவே ஒரு பொம்பள குந்திகினு கீறா," என்றாள் கனகம். "நான் எங்க கால வெக்கிறது?"

அவனை உட்காரவைத்து ஒவ்வொன்றாகக் கேட்டாள். எந்தச் சாவுக்குப் போனான், கிளம்பும்போது என்ன சொன்னான். சொன்னதைக் கேட்டதும் தலையில் அடித்துக்கொண்டாள்.

"சாவு வூட்ல போய் எவனாச்சும் வரேன்னு சொல்லுவானா? அவ போய்ட்டா, அவ வலி எங்க போவும்? நீ கூப்ட மாரி ஆயிடுச்சு, ஏறிகினு வந்துடுச்சு. அந்த வூட்டுக்கே போய் கொஞ்ச நேரம் குந்து. தன்னால எறங்கும். எறங்கினதும் வாயத் தொறக்காம எந்திரிச்சு வந்துடு. திரும்பிப் பாக்காத."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மணிமங்கலம் போனான். ஏரிக்கரையை ஒட்டிய வீடு. ஜோதியின் கணவர் ஜீவானந்தம் ஒரு கிடங்கில் சரக்கு வண்டி ஓட்டுகிறவர், அன்று விடுமுறையில் இருந்தார். பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, டீ போட்டுக் கொடுத்தார். எட்டு வயது மகள் ஐஸ்வர்யா தரையில் படுத்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். மழை, ஓவர்டைம், புதிதாக வந்த சூப்பர்வைசர் என்று இரண்டு ஆண்களும் ஏதோ பேசினார்கள். பாதி டீயில் அது இறங்கியது. இடது இடுப்பு முதலில் லேசானது, பிறகு முதுகு, பிறகு கழுத்து. பதினான்கு மாதத்துக்குப் பிறகு வனமாமலை நெஞ்சு நிறைய மூச்சு இழுத்தான். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. டீயின் ஆவி என்று துடைத்துக்கொண்டான். டம்ளரை வைத்துவிட்டு, வாயைத் திறக்காமல் எழுந்து வெளியே வந்தான்.

பேருந்து நிறுத்தம் வரைக்கும் அவன் நடந்தது நடையே இல்லை. வழியில் குனிந்து ஒரு கல்லை எடுத்தான். போட்டுவிட்டு மறுபடி எடுத்தான். பேச்சிக்குப் போன் போட்டு, "ஏளா, சரியாயிட்டு, பிள்ளையத் தூக்கிட்டு வா" என்றான். அந்தப் பக்கம் அவள் அழுதாள். பேருந்து வளைவில் தெரிந்தபோது அவன் திரும்பிப் பார்த்தான். பார்க்கக் கூடாது என்று சொன்ன ஒன்றைப் பார்க்காமல் இருக்க யாரால் முடியும். ஐஸ்வர்யா கையில் பால் பாத்திரத்தோடு கடைக்குப் போய்க்கொண்டிருந்தாள். இடது கையை இடுப்பில் ஊன்றி, ஒரு பக்கமாகச் சாய்ந்து, மூன்று எட்டுக்கு ஒருமுறை நின்று நின்று போனாள். ஷிப்டு முடிந்து கம்பெனி பஸ்ஸுக்கு ஜோதி நடக்கிற நடை அது. எட்டு வயதுப் பிள்ளையின் உடம்பில் இப்போது அந்த நடை இருந்தது.

"ஏறுறியா இல்லியாப்பா?" என்றார் கண்டக்டர்.

ஏறியிருக்கலாம். ஏறினால் தையில் பிள்ளையைத் தூக்கலாம், வாழ்நாள் முழுக்கத் தூக்கலாம். படிக்கம்பியைப் பிடித்தபடி அவன் நின்ற நேரத்தை அந்தப் பேருந்தில் இருந்தவர்கள் ரொம்ப நேரம் என்றுதான் சொல்கிறார்கள். பிறகு கையை விட்டுவிட்டு வந்த வழியே நடந்தான்.

ஐஸ்வர்யா கடைக்குப் போய்ச் சேராமல் பாதியிலேயே வீட்டுக்குத் திரும்பியிருந்தாள். ஜீவானந்தம் அவளைக் குப்புறப் படுக்கவைத்து உள்ளங்கையால் முதுகை நீவிக்கொண்டிருந்தார். "காலைல நல்லாத்தான் ஓடிகினு இருந்தா," என்றார், வனமாமலையின் முகத்தைப் பார்க்காமல். "அவங்கம்மா மாரியே சொல்றா. எடது பக்கமாம்." வனமாமலை வாசலில் செருப்பைக் கழற்றாமல் நின்று, அந்தச் சின்ன முதுகைப் பார்த்து, "போயிட்டு வாரேன்க்கா" என்றான். அது போதாதோ என்று தோன்றி, "வாங்க, போலாம்" என்றும் சொன்னான். பிள்ளை எழுந்து உட்கார்ந்து, பாத்திரத்தை எடுத்துக்கொண்டு பாலுக்கு ஓடினாள். ஓர் ஆள் போக ஒற்றைக் கதவு போதும். ஜீவானந்தம் கேட்டின் இரண்டு கதவுகளையும் அகலத் திறந்துவிட்டு, அவர்கள் ஏரிக்கரையில் மெதுவாக நடந்து மறையும்வரை பிடித்துக்கொண்டு நின்றார்.

பேச்சியிடம் இதைச் சொல்ல அவனுக்குத் தைரியம் வரவில்லை. தை ஐந்தாம் தேதி அவள் செங்கல்பட்டில் இறங்கி, மின்சார ரயில் மாறி, சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷனுக்கு வந்தாள். பதினொரு மாதப் பிள்ளை நன்றாகக் கனத்திருந்தாள். பேச்சி பையை வைப்பதற்காகப் பிள்ளையை நடைமேடையில் இறக்கிவிட்டாள்; சுகப்பிரியா அப்பனின் பேன்ட்டைப் பிடித்துக்கொண்டு, தூக்கு என்று இரண்டு கையையும் நீட்டினாள். வனமாமலை பல்லைக் கடித்துக்கொண்டு குனிந்தான். அப்போது முதுகில் இருந்தது, கூட்டத்தில் வழி விடுகிறவர் பாதி எழுந்து கொடுப்பதைப்போல, கொஞ்சம் எழுந்து கொடுத்தது. பிள்ளை அவன் தோளுக்கு வந்து சேரும்வரை அப்படியே எழுந்து நின்றது. பிறகு மறுபடி உட்கார்ந்துகொண்டது. வலித்தது. பிள்ளை அவன் காதைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள்.

பேச்சி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் நின்றாள். "சரியாயிட்டுன்னு சொன்னீய," என்றாள். பிறகு அவன் முதுகுப் பக்கம் பார்வையை நகர்த்தி, "யாருங்க அது?" என்று கேட்டாள்.

"கூட வேல பாத்த அக்கா."

"எத்தன நாளைக்கு இருப்பாவ?"

"இருப்பாவ," என்றான் வனமாமலை.

தாம்பரம் போகும் வண்டி ஒன்று வந்து, நின்று, போகும்வரை பேச்சி யோசித்தாள். பிறகு பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு, கணவனையும் பிள்ளையையும் முன்னால் போகவிட்டு, மேம்பாலப் படியில் ஒரு படி பின்னால் ஏறினாள். ஒரு கை அவன் முதுகுக்குச் சற்றுத் தள்ளி, யாரையோ தாங்குவதைப்போல நீண்டிருந்தது. "படி உசரமா இருக்கு மதினி," என்றாள், "பாத்து ஏறுங்க."