பிழை போடக் கற்றுக்கொண்ட வகுப்பு

மூன்று நாள் பயிற்சிக்குப் போன தலைமையாசிரியர் திரும்பும்போது ஒரு புதுச் சொல்லைக் கையோடு கொண்டுவந்தார். போர்ட்ஃபோலியோ. திங்கட்கிழமை காலை ஆசிரியர் அறையில் அதை ஏழெட்டுத் தடவை உச்சரித்தார். ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு மாதிரி வந்தது. விஷயம் இவ்வளவுதான்: பிள்ளைக்கு ஒரு நீலக் கோப்பு. அதில் ஆண்டு முழுக்க எழுதிய கட்டுரைகள். ஒவ்வொன்றுக்கும் முதல் வரைவு, சிவப்பு மைத் திருத்தம், செம்மைப் படி, கடைசியாக 'இதில் நான் என்ன கற்றேன்' என்று பிள்ளையே எழுதிய சுயமதிப்பீட்டுத் தாள். கோப்பைப் புரட்டினால் பிள்ளை வளர்வது கண்ணுக்குத் தெரிய வேண்டும்.

ஏழாம் வகுப்புத் தமிழ் டீச்சருக்கு யோசனை பிடித்துத்தான் போயிற்று. பதினெட்டு வருஷமாகச் சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டுக் கொடுக்கிறார். பிள்ளைகள் வட்டங்களை எண்ணிப் பார்த்துவிட்டு நோட்டை மூடிவிடுகிறார்கள். வட்டத்துக்குள் என்ன இருக்கிறது என்று யாரும் பார்த்ததில்லை. இது நல்ல வேலை, அடுத்த ஆண்டு முதல் நாளே தொடங்கிவிடலாம் என்றார்.

தலைமையாசிரியர் தொண்டையைச் செருமினார். அடுத்த ஆண்டு இல்லையாம், இந்த ஆண்டாம். ஆய்வுக் குழு மூன்று வாரத்தில் வருகிறதாம். பள்ளி திறந்து எட்டு மாதம் ஆகிவிட்டதே, கடந்துபோன எட்டு மாதத்துக்கு எங்கே போவது என்று டீச்சர் கேட்டதற்கு, அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு சொன்னார்.

"இருக்கிற மாதிரி இருந்தாப் போதும் டீச்சர்."

டீச்சர் மறுக்கத்தான் வாயைத் திறந்தார். தன் சம்பள உயர்வுக்கான பரிந்துரைத் தாள் தலைமையாசிரியர் கையில்தான் இருந்தது. அது கண்ணில் பட்டது.

நாற்பத்துமூன்று பிள்ளைகள், ஆளுக்கு ஆறு கட்டுரைகள். செம்மைப் படி சுலபமாக முடிந்தது. கரும்பலகையில் எழுதிப் போட, பார்த்து எழுதினார்கள். தலைவலி முதல் வரைவில்தான் வந்தது. நன்றாக எழுதிய கட்டுரையை எடுத்துவைத்துக்கொண்டு, அதை ஜூன் மாதத்தில் மோசமாக எழுதியதுபோல் எழுத வேண்டும். முதல் நாள் முயற்சியில் ஏறக்குறைய எல்லோரும் ஒரே சொல்லில் ஒரே பிழையைப் போட்டிருந்தார்கள். கணக்கில் நூற்றுக்கு நூறு வாங்கும் வகுப்புத் தலைவன், போடச் சொன்ன ஐந்து பிழையையும் கடைசி வரியில் வரிசையாக அடுக்கியிருந்தான்.

ஆகவே டீச்சர் பிழை போடப் பாடம் நடத்த வேண்டியதாயிற்று. பிழை இயல்பாக இருக்க வேண்டும், பக்கம் முழுக்கப் பரவியிருக்க வேண்டும், பக்கத்துப் பெஞ்சின் பிழையைக் காப்பியடிக்கக் கூடாது என்று தொண்டைத் தண்ணீர் வற்றச் சொன்னார். சொல்லும்போது தன் குரலே தனக்கு அந்நியமாகக் கேட்டது.

பிள்ளைகளே ஒரு வழி கண்டுபிடித்தார்கள். மூன்றாம் பெஞ்சில் ஒரு பெண் இருந்தாள். ஒற்றைக் கொம்பு போட வேண்டிய இடத்தில் இரட்டைக் கொம்பும் இரட்டைக்கு ஒற்றையும் போடுவதால் வகுப்பே அவளைக் 'கொம்பு' என்றுதான் கூப்பிடும். கொம்போடு நின்றிருந்தால் பரவாயில்லை. 'எங்கள் பல்லி மிகவும் பெரியது. அதில் ஆயிரம் பேர் படிக்கிறோம்' என்று எழுதியவள். 'என் அப்பாவிடம் எந்தக் குரையும் இல்லை' என்று எழுதி, அப்பாவைக் கையெழுத்துப் போடவும் வைத்தவள். ஒரு பக்கத்துக்கு இருபத்தேழு பிழை என்பது அவளுடைய சராசரி.

இப்போது அந்தப் பெஞ்சில் கூட்டம் மொய்த்தது. பென்சில், ரப்பர், பிஸ்கட் என்று கையில் கிடைத்ததைக் கொடுத்துப் பிழை வாங்கிப் போனார்கள். முதலில் அவள் வாய்க்கு வந்ததைச் சொன்னாள். பிறகு கெட்டிக்காரப் பிள்ளைகள் வாதாடத் தொடங்கினார்கள், இது பிழையே இல்லை, இது சரிதான் என்று. கொடுத்த பிஸ்கட்டைத் திருப்பிக் கேட்டார்கள். வியாபாரத்தில் நாணயம் முக்கியம் அல்லவா? கொம்பு அகராதியைப் புரட்ட ஆரம்பித்தாள். சரியான சொல்லை முதலில் உறுதிசெய்துகொண்டு, பிறகு அதைக் கெடுத்துக் கொடுத்தாள்.

அவளுடைய கோப்புக்கு மட்டும் ஜோடனை தேவைப்படவில்லை. அம்மா வந்தால் காட்டலாம் என்று டீச்சர் ஜூன் முதலே அவள் தாள்களை இழுப்பறையில் போட்டுவைத்திருந்தார். அம்மா வரவே இல்லை, தாள்கள் இருந்தன. அப்படியே எடுத்து, இந்த வாரம் எழுதியதையும் சேர்த்துக் கோத்தார்.

மற்றவர்களின் தாள்கள் புத்தம் புதிதாகப் பளபளத்தன. டீச்சர் அவற்றை வீட்டுக்குச் சுமந்துபோய், தேயிலைத் தண்ணீரில் பஞ்சைத் தொட்டுத் தடவி, துணிக் கொடியில் கிளிப் போட்டுக் காயவைத்தார். எலக்ட்ரீஷியனான அவர் கணவர் வேலை முடிந்து வந்து, துவைத்த சட்டைக்கு இடமில்லாமல் கொடியையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"கள்ள நோட்டு அடிக்கிறவன்கூட இவ்வளவு பாடுபட மாட்டான்" என்றார்.

டீச்சர் பஞ்சை மறுபடி தேயிலைத் தண்ணீரில் முக்கினார். அடுத்த தாளுக்குக் கிளிப் போட்டார்.

ஆய்வுக் குழு என்றார்கள், ஓர் அம்மாள்தான் வந்தார். அன்றைக்கே இன்னும் நான்கு பள்ளிகள் பார்க்க வேண்டும் என்று நுழையும்போதே சொல்லிவிட்டார். தலைமையாசிரியர் அறையில் மேசை விரிப்பு மாறியிருந்தது. அம்மாள் அடுக்கிலிருந்து ஐந்து கோப்புகளை உருவினார். முதல் நான்கையும் பார்த்துத் தலையை ஆட்டினார். இயல்பான முன்னேற்றம், பிள்ளைகளின் பிழைகளில்கூட ஓர் உயிர் இருக்கிறது என்று பாராட்டினார். தலைமையாசிரியர் பூரித்துப்போய்ப் பிஸ்கட் தட்டை அவர் பக்கம் நகர்த்தினார்.

ஐந்தாவது கொம்பின் கோப்பு. அம்மாள் முன்னும் பின்னும் புரட்டினார். முதல் தாளில் இருபத்தேழு வட்டம், கடைசித் தாளில் இரண்டு. கண்ணாடியைக் கழற்றினார்.

"இது நடக்கிற காரியமா? யார் எழுதிக் குடுத்தது?"

அந்த ஒரு கோப்பை எடுத்துவிடுகிறோம் என்று தலைமையாசிரியர் முந்திக்கொண்டார். கோப்பின் மேல் கையையும் வைத்துவிட்டார். டீச்சருக்கு எங்கிருந்தோ சுருக்கென்றது. மூன்று வாரமாக நாற்பத்திரண்டு பொய்க்குத் தேயிலைத் தண்ணீர் தடவிய கை அவருடையது. இருக்கிற ஒரே ஒரு மெய்யைக் குப்பையில் போட அந்தக் கை வரவில்லை.

"அது ஒண்ணுதான் நெசம் மேடம்" என்றார்.

"அப்போ மத்தது?"

"மத்ததெல்லாம் நாங்க செஞ்சது."

தலைமையாசிரியர் தண்ணீர் குடித்தார். அம்மாள் அந்தப் பெண்ணைக் கூட்டிவரச் சொன்னார். கொம்பு வந்ததும் ஒரு வெள்ளைத் தாளைக் கொடுத்து, 'நான் பிறருக்குச் செய்த உதவி' என்று பத்து வரி எழுதச் சொன்னார். அவள் மேசை ஓரத்தில் நின்றபடியே எழுதினாள். இரண்டு இடத்தில் யோசித்தாள். மற்றபடி பேனா நிற்கவில்லை.

'நான் என் வகுப்பில் முப்பத்தொரு பேருக்குப் பிழை போட்டுக் கொடுத்தேன். நல்ல பிழை போடுவது எளிதல்ல. சரியான சொல் தெரிந்தால்தான் அதைத் தவறாக எழுத முடியும். அதனால் அகராதி பார்த்தேன். இப்போது எனக்குப் பிழை தானாக வருவதில்லை. ஆகவே யாரும் என் பெஞ்சுக்கு வருவதில்லை. அது மட்டும் வருத்தமாக இருக்கிறது.'

பத்து வரி ஆகவில்லை, ஏழுதான். அம்மாள் சிவப்புப் பேனாவின் மூடியைக் கழற்றிக்கொண்டு இரண்டு தடவை படித்தார். பேனாவுக்கு வேலை இல்லை. இந்தப் பெண் தேறிவிட்டாள் என்று எழுதினால் மற்ற நாற்பத்திரண்டும் ஜோடனை என்று எழுத வேண்டும். அப்படி எழுதினால் விசாரணை, விசாரணைக்கு ஒரு குழு, குழுவுக்கு அவரே தலைவி. வெளியே வண்டி ஹாரன் அடித்தது. அவர் தாளை நான்காக மடித்துக் கைப்பையில் வைத்தார். "நல்லா எழுதியிருக்கே" என்று கொம்பின் தோளில் தட்டினார். அது உண்மையாகவே வந்தது.

அறிக்கையில் நான்கு கோப்புகள் 'மிக நன்று'. ஐந்தாவதற்கு எதிரே 'நேரமின்மையால் பார்வையிடப்படவில்லை'. பள்ளிக்கு முதல் தரம் கிடைத்தது.

டீச்சருக்கு விளக்கம் கேட்டுத் தலைமையாசிரியர் கையெழுத்தோடு கடிதம் கிடைத்தது. மேலதிகாரி முன்னிலையில் பள்ளியின் மாண்பைக் குலைத்தது ஏன் என்று மூன்று நாளில் எழுதித் தர வேண்டுமாம். டீச்சர் அன்றைக்கே எழுதிக் கொடுத்துவிட்டார். மூன்றே வரி. நாற்பத்திரண்டு கோப்புகளை நான் ஜோடித்தேன். ஜோடிக்கச் சொன்னவர் தலைமையாசிரியர். இனிமேல் இதைச் செய்ய மாட்டேன்.

தலைமையாசிரியர் தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். குரலை இறக்கினார்.

"அந்த நடு வரி வேணாமே டீச்சர். கொஞ்சம் திருத்திக் குடுங்க."

"பிழை எங்க இருக்குன்னு காட்டுங்க சார், திருத்தித் தரேன்."

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு மறுபடி முதல் வரியிலிருந்து தொடங்கினார். ஒற்று, சந்தி, முற்றுப்புள்ளி என்று ஒவ்வொன்றாகத் தேடினார். மணி அடித்ததும் டீச்சர் வகுப்புக்குக் கிளம்பிவிட்டார்.