ஏழாவது மேடையின் கோடு

என் தம்பி கோல்ஃப் சொல்லிக்கொடுக்கிறவன். அதே மைதானத்தில் நான் புல் வெட்டுகிறவள். யாருக்கு வேலை கஷ்டம் என்று என்னைக் கேளுங்கள், சொல்கிறேன். அவனைக் கேட்காதீர்கள், வாய் கூசாமல் பொய் சொல்வான்.

அவனுக்கு அந்த மாதம் போதாத காலம். ஏழாவது குழிக்கு முதல் அடி அடிக்க ஒரு சின்னப் புல்மேடை உண்டு. அங்கே யார் நின்று அடித்தாலும் பந்து குழியில் நட்ட கொடிப்பக்கம் போகாமல் வலப்பக்கக் குளத்துக்குப் போனது. எல்லாரும் அவனிடம் கற்றவர்கள். ஆறாவது வரை ஒழுங்கு, ஏழாவதில் குளம், எட்டாவதில் மறுபடி ஒழுங்கு. பயிற்சித் திடலின் ரப்பர் விரிப்பில் நிறுத்தினால் அதே ஆட்கள் கொடியை முட்டுகிற மாதிரி அடித்தார்கள். இது என்னடா கூத்து என்று எனக்கே குறுகுறுப்பாக இருந்தது.

தம்பி பிடியைத் திருத்தினான். பந்தை முன்காலின் குதிகாலுக்கு நேராக வைக்கச் சொன்னான். கால்விரல் நுனியில் ஒரு நீளக் குச்சியைப் போட்டு, "குச்சிக்கு நேரா நில்லுங்க. இடுப்பு, தோள் எல்லாம் அதே நேர்ல இருக்கணும்" என்பான். நிற்பார்கள். அடிப்பார்கள். தொபுக்!

"மேடையிலதான்க்கா ஏதோ இருக்கு. ஒரு பக்கம் மண்ணு இறங்கியிருக்குமோ?" என்றான் ஒருநாள் சாப்பிடும்போது.

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்! நிக்கச் சொல்லிக்குடுக்கத் தெரியல, மண்ணு மேல பழி."

அதோடு விட்டேனா? தினமும் சொன்னேன். வயிற்றில் ஏழு மாதப் பிள்ளையைச் சுமந்துகொண்டிருந்த அவன் மனைவி கடைசியில், "போதும் அண்ணி. அவர் சரியா சாப்பிட்டு நாலு நாளாச்சு" என்றாள். அதற்குப்பிறகும் சொன்னேன். என் வாய் அப்படி.

மேனேஜர் தேதியே குறித்துவிட்டார். "சனிக்கிழமை காலைல நான் நின்னு பாக்கப்போறேன். அன்னிக்கும் குளத்துக்குப் போச்சுன்னா வேற ஆளைப் பாத்துக்கறோம், தம்பி. மனசுல வெச்சுக்காதீங்க." வேலையைப் பிடுங்கிவிட்டு மனசில் வைத்துக்கொள்ளாதே என்பதும் ஒரு மரியாதை போலிருக்கிறது.

சனிக்கிழமை விடியலில் மேடையை வெட்டப் போனேன். பாதி வெட்டியதும் புல்வெட்டும் வண்டி இருமிவிட்டு நின்றது. பெட்டியிலிருந்த ஈரப்புல் வெட்டிய பாதியில் கொட்டிப்போனது. உதைத்தேன், திட்டினேன், அசையவில்லை. அதற்குள் மேனேஜரும் தம்பியும் அவனிடம் கற்பவர்களும் வந்துவிட்டார்கள். வண்டியை ஓரமாகத் தள்ளிவிட்டு அங்கேயே உட்கார்ந்தேன்.

முதலில் வங்கிக்காரர். வெட்டிய பாதியில் நின்றார். தம்பி குச்சியைப் போட்டான். குளம். அடுத்து காண்ட்ராக்டர். குளம். மேனேஜர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். தம்பி முகத்தில் ஈயாடவில்லை.

மூன்றாவதாகப் பல் டாக்டர் அம்மா. வெள்ளை ஷூ. கொட்டிக்கிடந்த புல்லைப் பார்த்து முகம் சுளித்து, "இந்தப் பக்கமே நின்னுக்கறேன்" என்று வெட்டாத பாதிக்குப் போனார். குச்சிக்குக்கூடக் காத்திருக்காமல் கொடியை ஒரு பார்வை பார்த்து அடித்தார். பந்து நட்டநடுவே போய் விழுந்தது.

"அதிர்ஷ்டம்" என்றார் வங்கிக்காரர்.

எனக்கு அப்படித் தோன்றவில்லை. வெட்டாத பாதியில் மூன்று நாள் புல் வளர்ந்து, வண்டி ஓடும்போது புல்லில் விழுகிற கோடெல்லாம் அழிந்திருந்தது. வெட்டிய பாதியில் என் கோடுகள் பளிச்சென்று கிடந்தன. எழுந்து மேடைக்குப் பின்னால் போனேன். குந்தி உட்கார்ந்து, ஒரு கண்ணை மூடி, கோடு போகிற வழியே பார்த்தேன். அந்தக் கோட்டின் முனையில் கொடி இல்லை. குளக்கரை மோட்டார் கொட்டகை இருந்தது.

அட பாவி மகளே!

போன மாதம் மேடையின் பின்மூலையில் தண்ணீர் தெளிக்கும் குழாய் புதைத்தார்கள். வெளியே நீட்டிய அதன் தலையில் பிளேடு படக்கூடாதென்று, வழக்கமாகத் தொடங்கும் மூலைக்கல்லை விட்டுவிட்டு நடைபாதை ஓரத்தை ஒட்டி முதல் கோட்டை ஆரம்பித்தேன். நடைபாதை குளத்துக்குப் போகிறது. மற்ற கோடெல்லாம் முதல் கோட்டைப் பிடித்துத்தானே? ஒவ்வொன்றும் நூல் பிடித்த நேர். அத்தனையும் குளத்தைப் பார்த்து. வந்தவர்கள் தெரியாமலே அதில் காலை வைத்து நின்றிருக்கிறார்கள். தம்பியும் குச்சியை அதை ஒட்டியே போட்டிருக்கிறான். காற்றைச் சந்தேகப்பட்டான், மண்ணைச் சந்தேகப்பட்டான், கடைசியில் தன்னையே சந்தேகப்பட்டான். அக்கா போட்ட கோட்டை மட்டும் அவன் சந்தேகப்படவில்லை.

மேனேஜர் தொண்டையைச் செருமினார். "சரி தம்பி, இதுக்கு மேல..."

"சார், ஒரு நிமிஷம்" என்றேன். "கூடம் கோணல்தான் சார். கோணலாக்கினது நான்."

எல்லாரையும் ஒவ்வொருவராகப் பின்னால் குந்தவைத்துக் காட்டினேன். வங்கிக்காரர் வெட்டாத பாதிக்குப் போய் இன்னொரு பந்து அடித்தார். நேராகப் போனது. காண்ட்ராக்டரும் அடித்தார். அதுவும் நேர்.

மேனேஜர் தம்பியின் தோளில் தட்டினார். பிறகு என்னைப் பார்த்தார். "இருபது வருஷமா வெட்டுறீங்களேம்மா."

"ஆமா சார்" என்றேன்.

எல்லாரும் போனபிறகு வண்டியைச் சரிசெய்தேன். தம்பி போகாமல் நின்றான். திட்டுவான் என்று காத்திருந்தேன். ஒரு மாதச் சாப்பாட்டைக் கெடுத்தவளைத் திட்டாமல் என்ன செய்வான்? அவன் குச்சியை எடுத்துக்கொண்டு கொடிப்பக்கமாக நடந்தான். வெகுதூரம் போய், நடுவில் நின்று திரும்பி, குச்சியைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தான்.

"என்னைப் பாத்து வெட்டு!" என்று கத்தினான். "கொஞ்சம் இடது! இன்னும்!"

இருபது வருஷத்தில் என் வண்டிக்கு வழி சொல்ல நான் ஒருத்தரையும் விட்டதில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு இடப்பக்கம் திருப்பினேன்.